நஸீஹா வீட்டுத் தண்ணீரும் சிவந்த மீனும்

கண்ணாடிக் கோப்பைகளில் மீன்கள் மஞ்சளாகவே கிடந்ததைப் பார்த்ததும், நஸீஹா கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் குலவையிட்டாள். கல்யாண வீட்டுக் குலவை. பக்கத்து அறைக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து, என்ன விசேஷம் என்று தலைகள் எட்டிப் பார்த்தன.

"மீன் உங்க எல்லார் மேலயும்!" என்று கத்தினாள். "ஜெயிச்சுட்டோம்! நான் ஒரு காலைப்பொழுது லீவு போட்டா போதும் போல, வேலை தானா நடந்துடுது!"

யாரும் சிரிக்கவில்லை. பேராசிரியர் முன்சிஃப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். சுத்தமாக இருந்த கண்ணாடியைத்தான் துடைத்தார். ஆராய்ச்சி மாணவி இப்திஹால், வெளியூரான கஃப்ஸாவிலிருந்து வந்து படிக்கிறவள், தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"என்ன, யாராச்சும் செத்துப்போயிட்டாங்களா?"

"இல்ல லல்லா நஸீஹா," என்றாள் இப்திஹால், பெரியவளை அழைக்கும் மரியாதையோடு, மெதுவாக. "நீங்க கொண்டுவந்து வெச்ச தண்ணி தீர்ந்துபோச்சு. நீங்களும் லேட்டா வர்றதா சொன்னீங்க. அதான் நான் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரம்மாவோட மாஜில் தொட்டிலேர்ந்து ஒரு பாட்டில் எடுத்துட்டு வந்தேன். அதுல போட்ட மீனுங்க இது."

"அதனால என்ன? தண்ணி தண்ணிதானே?"

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவள் காதிலேயே உறைத்தது. தண்ணி தண்ணிதானே என்று ஸ்ஃபாக்ஸ் ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். நஸீஹா கனவில்கூடச் சொல்லமாட்டாள். கையில் பிடித்திருந்த பை நழுவிக் கீழே விழுந்தது.

அவள் ஏன் அப்படிப் பேயறைந்ததுபோல நின்றாள் என்பது புரிய வேண்டுமானால், அவளையும் அவள் தண்ணீரையும் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகவேண்டும்.

நஸீஹா ஐம்பதைத் தாண்டியவள். கெட்டிக்காரி, வாய்க்காரி. தாராளமாகக் கொடுக்கிற கை. ஆனால் கொடுத்ததை நாலு பேர் புகழாவிட்டால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். இளவயதிலிருந்து ஜீன்ஸ் தைக்கும் பட்டறையில் இருந்தவள். முதலாளி ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பட்டறையைப் பூட்டிவிட்டுப் போனபோது, மற்றப் பெண்கள் வாசலில் நின்று அழுதார்கள். இவளும் அழுதாள்தான். அழுது முடித்துவிட்டு, ஊருக்குப் புதிதாக வந்திருந்த பிரிண்டர் பயிற்சியில் போய்ப் பெயர் கொடுத்தாள். காகிதத்தில் எழுத்தை அச்சடிக்கும் பிரிண்டர் இல்லை. ஊசிமுனை வழியாகக் கூழைப் பிழிந்து, அடுக்கின் மேல் அடுக்காக வைத்து, ஒரு பொருளையே எழுப்பி நிறுத்தும் பிரிண்டர். "இதுவும் தையல் மிஷின்தான், துணிதான் இல்ல" என்று முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அந்தப் பயிற்சியை வைத்துத்தான் பல்கலைக்கழக ஆய்வகத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது.

பேராசிரியர் முன்சிஃப் உருவாக்கியிருந்தது ஒரு கூழ். அதில் ஒரு சாயம் கலந்திருக்கும். தண்ணீரில் ஈயம் கரைந்திருந்தால், அந்த ஈய அயனிகளைச் சாயம் பிடித்துக்கொள்ளும். மஞ்சளாக இருந்தது சிவந்துவிடும். கண்ணுக்கும் நாக்குக்கும் மூக்குக்கும் தெரியாத அளவு ஈயத்தையும் அது காட்டிக்கொடுத்துவிடும். கூழை ஹரீசா மிளகாய் விழுதின் பதத்துக்குக் கொண்டுவந்து, ஊசியில் அடைக்காமல் பிழிவது நஸீஹாவின் பாடு. முதலில் அவர் அதை வட்ட வில்லையாகத்தான் அச்சடிக்கச் சொன்னார்.

"மாத்திரை மாதிரி இருக்கே உஸ்தாத்! இதை எவ தன் வீட்டு மாஜில்ல தொங்கவிடுவா? குடிக்கிற தண்ணிக்கு வியாதின்னு ஊரு பேசும்."

"பின்ன எப்படி வேணும்?"

"மீனா போடுவோம்."

எங்கள் ஊரில் கண் படாமலிருக்க மீன்தான் காவல். குழந்தையைக் கொஞ்சினாலும், புது வண்டியைப் பார்த்தாலும், சமையலைப் புகழ்ந்தாலும், கூடவே "மீன் உன் மேல" என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், இவள் பொறாமைக்காரி என்று முதுகுக்குப் பின்னால் பேச்சு வரும். ஆகவே வில்லை மீனாயிற்று. கட்டைவிரல் நீளம், வாலில் நூல் கோக்க ஒரு வளையம். மீன் என்றால் எந்த வீட்டிலும் சந்தோஷமாக வாங்கித் தொங்கவிடுவார்கள் என்று நஸீஹா கணக்குப் போட்டது சரியாகத்தான் இருந்தது.

இனி தண்ணீர். முற்றத்துக்கு அடியில் மழைத்தண்ணீர் சேரும் தொட்டிதான் மாஜில். அது இல்லாத வீட்டை நாங்கள் வீடு என்று சொல்வதில்லை, சத்திரம் என்போம். குழாய்த் தண்ணீர் தரை கழுவ. மாஜில் தண்ணீர் குடிக்க, டீ போட, குஸ்குஸ் வேகவைக்க, குழந்தைக்குப் பால் கரைக்க. நஸீஹா ஒவ்வொரு கோடைக்கடைசியிலும் மொட்டைமாடிக்குத் தானே சுண்ணாம்பு அடிப்பாள். செருப்போடு மாடி ஏற கணவனுக்குக்கூட அனுமதி கிடையாது. முதல் மழையைத் தெருவில் விட்டுவிட்டு, இரண்டாவது மழையைத்தான் உள்ளே எடுப்பாள். பக்கத்து வீட்டு ரூப்ராக்கி என்பவரின் புறாக்களோடு அவளுக்கு இருந்த பகை ஊரறிந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் ஒரு கோப்பைத் தண்ணீர் கொடுத்து, குடிப்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். "லேசா இருக்குல்ல? தொண்டைல இறங்குறதே தெரியலல்ல?" பாவம், வந்தவர் ஆமாம் என்று சொல்லாமல் தப்ப முடியாது.

மூன்று வருஷத்துக்கு முன் பேராசிரியர் ஊரில் பல மாஜில்களின் தண்ணீரைப் பெரிய இயந்திரத்தில் சோதித்தார். எல்லாவற்றிலும் சுத்தமானது நஸீஹா வீட்டுத் தண்ணீர் என்று வந்தது. அவ்வளவுதான். கல்யாண வீடு, துக்க வீடு என்று பார்க்காமல் அந்தச் செய்தியைச் சொல்லித் தீர்த்தாள். அன்று முதல் ஆய்வகத்துக்கு அவள்தான் தண்ணீர் சப்ளை. டீக்கும் அதுதான். பின்னால், ஈயம் இல்லாத நல்ல மழைத்தண்ணீர் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் அதையே எடுத்தார்கள்.

போன இலையுதிர்காலம் வரை மீன்களை மருந்துக்கடைச் சுத்த நீரில்தான் சோதித்தார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. ஈயம் போட்டால் சிவப்பு, போடாவிட்டால் மஞ்சள். பிறகு நிஜமான மாஜில் தண்ணீருக்கு வந்தார்கள். அதாவது நஸீஹாவின் தண்ணீருக்கு. ஈயம் ஒரு துளி போடாத கோப்பையிலேயே மீன் சிவந்தது. மறுபடி அச்சடித்தார்கள், மறுபடி சிவந்தது.

"தொட்டிச் சுவருல இருக்கிற சுண்ணாம்பு தண்ணில ஊறும்ல, அதைப் பாத்து மீன் ஏமாறுது," என்றார் பேராசிரியர். படித்தவர், ஸ்ஃபாக்ஸ்காரர், அதிலும் மாஜில் வைத்திருப்பவர். வேறு எப்படி யோசிப்பார்? சுண்ணாம்பைக் கண்டு ஏமாறாத கூழைத் தேடிக் குளிர்காலம் முழுதும் சாயத்தை மாற்றினார்கள், பதத்தை மாற்றினார்கள், ஊசியை மாற்றினார்கள். மீன் சிவந்துகொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் நஸீஹாவின் கண்மை மேல்கூடப் பழி விழுந்தது. கடைத்தெரு மையில் ஈயம் இருக்கும். விரலில் ஒட்டிக் கூழில் கலக்கிறதோ என்று இப்திஹால் தயங்கித் தயங்கிக் கேட்டாள். நஸீஹா வாழ்க்கையில் முதல் தடவையாக மை இல்லாமல் வேலைக்கு வந்தாள். பார்த்தவர்களெல்லாம் காய்ச்சலா என்று விசாரித்தார்கள். அப்போதும் மீன் சிவந்தது. மீனைத் திட்டினார்கள், பிரிண்டரைத் திட்டினார்கள், சாயம் விற்ற கம்பெனியைத் திட்டினார்கள். தண்ணீரை மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று காலை அவள் லீவு போட்டதற்குக் காரணம் பேரன். மகள் எம்னா கிரெம்தா சாலையில் ஒரு மூன்றாவது மாடிப் ஃபிளாட்டில் இருக்கிறாள். மாஜில் இல்லாத வீடு என்பதால் அதை நஸீஹா இன்றுவரை சத்திரம் என்றுதான் சொல்கிறாள். குழந்தை கைஸுக்கு ஐந்து மாதம். தாய்ப்பால் போதாமல் புட்டிப்பால். அதில்தான் தாய்க்கும் மகளுக்கும் பெரிய சண்டை வந்தது.

"பாட்டில் தண்ணிலதான் பால் கரைக்கணும்னு டாக்டர் சொல்றாரு உம்மி."

"உன் டாக்டர் எந்த ஊரு?"

"தூனிஸ்."

"அதான! குழாயைத் திருகிக் குடிச்சு வளந்தவருக்கு மாஜிலைப் பத்தி என்ன தெரியும்? நீ எந்தத் தண்ணில வளந்த? என் பேரனுக்குப் பிளாஸ்டிக் தண்ணி குடுத்தன்னா நான் உன் வாசப்படி மிதிக்கமாட்டேன், ஆமா!"

எம்னா அடங்கிப்போனாள். அன்றிலிருந்து வாராவாரம் கேனில் தண்ணீர் போனது. குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்த அன்று காலையும் நஸீஹா ஒரு நிறை கேனைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினாள். கீழே வாசலில் கட்டடக் காவலாளியின் மனைவி மப்ரூக்கா எதிர்ப்பட்டாள். இடுப்பில் மூன்று வயது மகள் ஹதீல்.

மப்ரூக்கா எப்போது பார்த்தாலும் நஸீஹாவின் கையைப் பிடித்து முத்தமிட்டு, ஆயுசு, ஆரோக்கியம் என்று வாழ்த்துவாள். தன் குணத்துக்குக் கிடைக்கிற மரியாதை என்று நஸீஹா அதை அடக்கமாக ஏற்றுக்கொள்வாள்.

"புள்ள ஏன் இப்படி வெளுத்திருக்கா?" என்று அன்று கேட்டாள்.

"சாப்பிடவே மாட்டேங்குறா லல்லா. வயித்த வலிக்குதுன்னு அழுவுறா. முன்னாடி நல்லாப் பேசிட்டிருந்தவ, இப்ப வாயே திறக்க மாட்டேங்குறா."

"நல்ல தண்ணி குடுக்கறியா? பாதி வியாதி தண்ணிலதான் வருது."

மப்ரூக்கா அதற்கு ஒரு மாதிரி சிரித்தாள். "உங்களுக்குத் தெரியாததா லல்லா!" என்றாள். நஸீஹாவுக்கு அந்தச் சிரிப்பின் அர்த்தம் விளங்கவில்லை. கேன் கனத்ததால் நின்று விசாரிக்கவும் இல்லை.

இதையெல்லாம் முடித்துவிட்டுத்தான் ஆய்வகத்துக்கு வந்து, மஞ்சள் மீனைப் பார்த்துக் குலவையிட்டாள்.

"வீட்டுக்காரம்மா மாஜில்லயும் சுண்ணாம்புதான பூசியிருக்கு லல்லா," என்று இப்திஹால் தொடர்ந்தாள். "மீன் சுண்ணாம்பைப் பாத்து ஏமாந்திருந்தா, இதுலயும் சிவந்திருக்கணும். இது நாம நவம்பர்ல அச்சடிச்ச பழைய மீன். மீனுல ஒரு தப்பும் இல்ல. அப்பவும் இல்ல, இப்பவும் இல்ல."

"அப்போ?"

இப்திஹால் பேராசிரியரைப் பார்த்தாள். அவர் மேஜை மேலிருந்த தன் டீ கிளாஸைப் பார்த்தார். பாதி குடித்திருந்தார். அதை ஒரு விரலால் மெல்லத் தள்ளி வைத்தார்.

அந்த ஒரு விரல்தான் நஸீஹாவுக்குப் பொறுக்கவில்லை. "என்ன உஸ்தாத் தள்ளறீங்க? என் தண்ணியவா? மூணு வருஷமா இதைத்தான குடிச்சீங்க, உறிஞ்சி உறிஞ்சிக் குடிச்சீங்களே! உங்க மிஷின்தான சுத்தம்னு சொல்லிச்சு?"

"மூணு வருஷம் முன்னாடி சொல்லிச்சு நஸீஹா. அதுக்கப்புறம் நாம பாக்கவே இல்ல." அவர் முகம் செத்துப்போயிருந்தது. "எனக்குத் தோணவே இல்ல. மாஜில் தண்ணில ஈயம்னு நினைக்கவே எனக்கு மனசு வரல. கஃப்ஸாவிலேர்ந்து ஒரு பொண்ணு வந்து வேற பாட்டில் வெக்க வேண்டியிருக்கு."

"புறா!" என்றாள் நஸீஹா. "அந்த ரூப்ராக்கியோட புறாதான்!"

"புறா எச்சத்துல ஈயம் இருக்காது லல்லா."

அப்போதுதான் அது வந்தது. கோபத்துக்கும் ரோஷத்துக்கும் பின்னால் மெதுவாக நடந்து வந்து, அவள் எதிரில் நின்றது. காலையில் தூக்கிக்கொண்டு ஏறிய கேன். ஐந்து மாதக் குழந்தை. புட்டி.

"கைஸ்," என்றாள். நாற்காலி இல்லாத இடத்தில் உட்காரப் போனவளை இப்திஹால் பிடித்துக்கொண்டாள். நஸீஹா எம்னாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஊசி போட்ட குழந்தை தூங்கும்போது அவள் போனை ஊமையாக்கிவிடுவாள். மருமகன் கப்பலில் வேலை, கரையிலேயே இல்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒரு பிடி மீன்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு டாக்ஸி பிடித்தாள். முதலில் தன் வீட்டுக்கு. வண்டி கணவனிடம் இருந்தது. அதோடு, கண்ணால் பார்க்காமல் அவளால் நம்பவும் முடியவில்லை. கொண்டுபோன மீன்களில் ஒன்றை நூலில் கட்டி மாஜில் வாய் வழியாக இறக்கினாள்.

கணவன் ஷத்லி முற்றத்தில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தான். கெர்கென்னா தீவுக்காரன். கடலுக்குப் போவதை விட்டாயிற்று, வலையை மட்டும் விடவில்லை. இவள் வேலை நேரத்தில் வந்து, மாஜில் வாயில் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்து எழுந்து வந்தான்.

"என்னடி, நகை ஏதாச்சும் விழுந்துருச்சா?"

நஸீஹா நூலை இழுத்தாள். மேலே வந்த மீன் மாதுளம் முத்துபோலச் சிவந்திருந்தது. மார்பில் ஓங்கி அறைந்துகொண்டாள்.

"மேலேர்ந்து வரல, மாடி சுத்தமா இருக்கு," என்று தனக்குத்தானே பேசிக்கொண்டாள். "உள்ள ஏதோ இருக்கு. ஷத்லி, உள்ள என்ன விழுந்துச்சு? என்ன போட்ட? சொல்லு!"

"நான் என்னத்தப் போட்டேன்? மோட்டார் பைப்தான் இருக்கு."

"இழு அதை."

"ஏன்?"

"இழுன்னா இழு!"

இருவருமாகச் சேர்ந்து இழுத்தார்கள். கருப்பு ரப்பர் பைப் வளைந்து வளைந்து மேலே வந்தது. அதன் கடைசியில், திராட்சைக் கொத்துபோல, வலையில் கட்டும் ஈயக்குண்டுகள் ஒரு கொத்து. பாசி பிடிக்கவில்லை. மாவைத் தூவினதுபோல வெள்ளையாகப் பூத்துப்போய், தொட்டால் விரலில் ஒட்டியது.

ஷத்லிக்கு முகம் மலர்ந்தது. அவனுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. "பாத்தியா, ஒரு குண்டுகூட அவுறல! போன செப்டம்பர்ல நீதான கத்தின, புது பைப் மிதக்குது, மோட்டார் காத்தை உறிஞ்சுதுன்னு? அது முங்கிக் கிடக்கட்டும்னு அன்னிக்குக் கட்டினது. என் முடிச்சு அவுறாது."

ஆமாம், அவள்தான் கத்தினாள். மறுநாள் மோட்டார் கொடகொடவென்று இழுத்தபோது, சந்தோஷத்தில் அவன் முதுகில் தட்டி, "கெட்டிக்காரன்! மீன் உன் மேல!" என்று சொன்னதும் அவள்தான். எதைக் கட்டினாய் என்று கேட்கவில்லை. மழைத்தண்ணீர் மென்மையானது, ஈயத்தோடு மாதக்கணக்கில் கிடந்தால் கரைத்துவிடும் என்று பேராசிரியர் ஆய்வகத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கும்போது பக்கத்திலேயே நின்று தலையாட்டியவளும் அவளேதான்.

"ஈயம், ஷத்லி," என்றாள். "தண்ணி முழுக்க ஈயம். நீயும் நானும் குடிச்சா போவுது. கைஸு!"

அவன் கையிலிருந்த பைப் நழுவிச் சரசரவென்று மறுபடியும் உள்ளே போகப் பார்த்தது. பாய்ந்து பிடித்தான். பிடித்த கையைப் பார்த்தான். ஆயுசு முழுக்க அந்தக் குண்டுகளைப் பல்லால் கடித்து வலையில் நசுக்கியவன்.

"நான் குழந்தைக்கு..." என்று ஆரம்பித்தான்.

"வண்டியை எடு."

வழியில் ஷத்லி இரண்டு இடத்தில் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனான். நஸீஹா கண்டிக்கவில்லை. கட்டடத்தில் மூன்று மாடியையும் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே நினைவில்லை. அவன் பின்னால், ஒவ்வொரு வளைவிலும் கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று வந்தான்.

எம்னா கதவைத் திறந்தாள். "ஷ்ஷ், தூங்கறான்."

"எழுப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகணும். தண்ணில ஈயம் எம்னா, நம்ம மாஜில்ல! எல்லாம் என்னாலதான். டாக்டர் சொன்னதைக் கேக்காம, வாயை அடைச்சு உன்னைக் குடுக்க வெச்சேன். என்னை அடி. செருப்பாலயே அடி!"

எம்னா ஒரு கணம் விழித்தாள். பிறகு அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "உம்மி, அவன் குடிக்கல."

"என்ன?"

"ஒரு சொட்டுகூடக் குடிக்கல. முதல் நாள்லேர்ந்து கடைத் தண்ணிலதான் பால் கரைக்கிறேன். நீ வர்ற அன்னிக்குப் பாட்டில்களைக் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வெச்சுடுவேன். உன்கிட்ட யாரு சண்டை போடறது?"

நஸீஹா மகள் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தாள். வைத்த அதே இடத்தில் முத்தமிட்டாள். "பொய்க்காரி! திருட்டுக் கழுதை! உன் பொய்க்கு ஆயுசு நூறு! அல்ஹம்துலில்லாஹ்!" சிரித்தாள், அழுதாள், படியிலேயே உட்கார்ந்துவிட்ட ஷத்லியைப் போய் உலுக்கினாள். "கேட்டியா மனுஷா? உன் பொண்ணு பொய் சொல்லியிருக்கா!" உள்ளே போய்த் தூங்குகிற குழந்தையைக் குனிந்து பார்த்தாள். கொழுகொழுவென்று, ஊசிக் கோபத்தில் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு தூங்கியது. அவள் வாழ்க்கையில் அவ்வளவு லேசாக இருந்த நிமிஷம் வேறில்லை.

அந்த லேசான மனதோடுதான், சமையலறைப் பக்கம் திரும்பிச் சிரித்தபடி கேட்டாள். "ஆமா, இத்தனை மாசமா நான் முதுகு ஒடியத் தூக்கிட்டு வந்த தண்ணியை என்னடி பண்ணின? சாக்கடைல ஊத்தினியா?"

"மாஜில் தண்ணியையா?" எம்னாவுக்கே கோபம் வந்துவிட்டது. "அதை எப்படி உம்மி சாக்கடைல ஊத்துவேன்? பாவமில்லையா? நீதான என்னை வளத்த. கீழ மப்ரூக்காவுக்குக் குடுத்துடுவேன். பாவம், அவங்க வீட்டுக் குழாய்ல உப்புத் தண்ணி. ஹதீலுக்குன்னு தனியா எடுத்து வெச்சுக் குடுக்கறா. உன்னை நினைச்சு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். வாயைப் பொத்திக்கொண்டாள். காலையில் கொண்டுவந்த கேன் சமையலறையில் இல்லை.

நஸீஹாவின் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. அதை எடுத்துவிட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. சாப்பிட மாட்டேங்குறா. வயித்த வலிக்குது. பேச்சு நின்னுபோச்சு. 'உங்களுக்குத் தெரியாததா லல்லா!' ஒவ்வொன்றாக வந்தது. சற்று முன்பு தன் வாயால் சொன்ன அல்ஹம்துலில்லாஹ்வும் வந்தது. இறைவனுக்கு நன்றி சொன்ன அந்த நேரத்தில் கீழே ஒரு குழந்தை அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்திருக்கும்.

இறங்கினாள். படியில் உட்கார்ந்திருந்த ஷத்லி ஒன்றும் புரியாமல் அவள் பின்னாலேயே எழுந்து வந்தான்.

மப்ரூக்கா கதவைத் திறந்து, ஆனந்தத்தில் திக்குமுக்காடிப் போனாள். மேல்மாடிக்காரர்கள் அவள் வாசலுக்கு வந்ததே இல்லை. "லல்லா நஸீஹா! எங்க வீட்டுக்கா! வாங்க, வாங்க, உக்காருங்க. ஹதீல், யாரு வந்திருக்கா பாரு! நம்ம தண்ணிப் பாட்டிம்மா! ஓடிப்போய் நல்ல தண்ணி கொண்டா!"

தடுப்பதற்குள் குழந்தை உள்ளே போய்விட்டது. வெளுத்த சின்னக் கைகள் இரண்டாலும் ஒரு கோப்பையைப் பிடித்து, சிந்தாமல் அடிமேல் அடி வைத்து வந்து நீட்டினாள். நீட்டிவிட்டு, நிமிர்ந்து நஸீஹாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். விருந்தாளி என்ன சொல்வாள் என்று.

நஸீஹா வாங்கிக்கொண்டாள். குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. பையில் கைவிட்டு ஒரு மஞ்சள் மீனை எடுத்துக் கோப்பையில் போட்டாள். அவளுக்குத் தெரியாததில்லை. ஆனால் வாயால் சொல்லத் தெம்பு வரவில்லை.

மீன் சிவந்தது. குழந்தை கைகொட்டிச் சிரித்தாள்.

"அட, மீன் உங்க மேல!" என்று மப்ரூக்காவும் சிரித்தாள். "எவ்வளவு அழகா மாறுது! இது என்ன லல்லா, விளையாட்டுச் சாமானா?"

"மப்ரூக்கா," என்றாள் நஸீஹா. "புள்ளைக்குச் செருப்பைப் போடு. ஆஸ்பத்திரிக்குப் போகணும். போற வழில உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னதுக்கு அப்புறம் நீ என் கைய முத்தம் குடுக்க வேண்டாம்."